பழைய கல்லுக்குப் புதுப் பெயிண்ட்: உள்ளாட்சிகள் தவிர்க்க வேண்டியவை

மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பழைய கல்மண்டபம் ஒன்று உண்டு. சில வருடங்களுக்கு முன் திருவிழாவுக்காக அதன் தூண்களுக்குப் பச்சையும் மஞ்சளுமாக எனாமல் அடித்தார்கள். ஒரு தூணில் இருந்த நாலு வரிக் கல்வெட்டு பெயிண்டுக்குள் போய்விட்டது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, பளிச்சென்று இருக்கட்டுமே என்று நினைத்தார்கள். எங்கள் வட்டாரத்தில் கவனிக்காமல் கெட்டதைவிட, இப்படிக் கவனித்துக் கெட்டதுதான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தவறு ஆரம்பிப்பது ஒரு வாக்கியத்தில்: "அது தொல்லியல் துறை வேலைங்க." பாதி உண்மை. மதுரையில் திருமலை நாயக்கர் மகால் மாநிலத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது, கீழக்குயில்குடி சமணர் மலை மத்தியத் துறையிடம். ஆனால் மகாலைச் சுற்றி ஓடும் சாக்கடையும் ரோடும் மாநகராட்சியுடையவை. மத்தியப் பாதுகாப்பில் உள்ள சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கப்பால் இன்னொரு 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். பிளான் அப்ரூவல் தரும் மேசையில் அந்த எல்லை குறித்த வரைபடம் இல்லாவிட்டால் சட்டம் இருந்து என்ன?

எந்தத் துறையின் பட்டியலிலும் இல்லாதவை வேறு இருக்கின்றன. நடுகல், சுமைதாங்கி, சத்திரம், ஊருணிப் படித்துறை. இவற்றுக்கு ஊராட்சியை விட்டால் நாதியில்லை. சர்வே எண், யார் நிலம், ஒரு போட்டோ என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தாலே, ரோடு அகலப்படுத்த ஜேசிபி வரும் நாளில் கைகாட்ட ஓர் ஆதாரம் இருக்கும்.

அப்புறம் சிமெண்ட். பழைய சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தால் ஆனவை. அவை ஈரத்தை வாங்கும், வெயிலில் திருப்பி விட்டுவிடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லை. உள்ளுக்குள் உப்புப் பூத்துச் செங்கல் பொடியும், வெளியே கெட்டியாகத் தெரியும். இதில் காண்ட்ராக்டரைத் திட்டிப் பயனில்லை. எஸ்டிமேட்டில் சிமெண்டுக்குத்தான் ரேட் இருக்கிறது, டெண்டர் எடுப்பவருக்குத் தெரிந்தது வாறுகால், அதாவது சாக்கடை, கட்டும் வேலை. சுண்ணாம்பை ஊறவைத்து அரைக்க ஆகும் நாட்களையும் கடுக்காய், கருப்பட்டிக்கான செலவையும் எஸ்டிமேட்டிலேயே எழுத வேண்டும். மணலைப் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்வதை அடியோடு விட்டுவிடலாம். அழுக்கோடு எழுத்தின் விளிம்பும் போய்விடும்.

ரோட்டுக்கு மேல் ரோடு போடுவதும் இதே கணக்குதான். தெரு ஒவ்வொரு முறையும் உயர, பழைய வாசல்கள் பள்ளமாகின்றன, மழைத்தண்ணீர் அஸ்திவாரத்துக்குள் இறங்குகிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போட்டால் இந்த வம்பே இல்லை.

வண்டியூர்த் தெப்பக்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்கில் வறண்டு கிடந்து, பையன்கள் கிரிக்கெட் ஆடிய இடம். வைகையிலிருந்து வரும் கால்வாயைச் சரிசெய்த பிறகுதான் தண்ணீர் நின்றது. கரையில் பேவர் பிளாக்கும் கலர் விளக்கும் போடுவதைவிட, கண்ணுக்குத் தெரியாத கால்வாயைத் தூர்வாருவதுதான் குளத்தைக் காப்பாற்றும். திறப்பு விழாவுக்குத்தான் அது தோதுப்படாது!

கடைகள் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. 2018 பிப்ரவரியில் மீனாட்சியம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்தில், கடைகள் இருந்த பகுதியில் பிடித்த தீ கல்லையே வெடிக்க வைத்தது. அதனால் பழைய மண்டபங்களில் கடைகள் வேண்டாம் என்பது நியாயம். ஆனால் கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்துத் தையல்காரர்களும் புத்தகக் கடைக்காரர்களும் அந்த இடத்தின் வரலாற்றில் ஒரு பகுதி. அவர்களுக்கு மாற்று இடமாகப் பக்கத்திலேயே குன்னத்தூர்ச் சத்திரம் கிடைத்தது. மாற்று இடம் காட்டாமல் காலி செய்யச் சொல்வதுதான் தவறு.

இன்னொரு தவறு, மக்களிடம் கடைசியில் சொல்வது. சமணத் துறவிகளின் கற்படுக்கையும் குடைவரைக் கோயிலும் உள்ள அரிட்டாபட்டி 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. 2024-இல் அந்தப் பகுதி டங்ஸ்டன் சுரங்க ஏலத்துக்குள் வந்தபோது மேலூர் வட்டார கிராம சபைகள் தீர்மானம் போட்டன, ஜனம் தெருவுக்கு வந்தது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. கிராம சபையை டீ, பிஸ்கட்டோடு முடித்துவிடும் ஊராட்சிகள் இதைக் கவனிக்கலாம்.

அந்தக் கல்மண்டபத்துக்கு வருவோம். பெயிண்டை எடுக்க ஊரில் இப்போது ஆர்வமாக இருக்கிறார்கள், சரிதான். கம்பி பிரஷ்ஷோடு யாராவது கிளம்புவதற்குள், கல்வெட்டு தெரிந்த ஒருவரை அழைத்துக் காட்ட வேண்டும்.