நடுகல் தேடிப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பக்கம் ஞாயிற்றுக்கிழமையானால் நடுகல், அதாவது சண்டையில் செத்த வீரனுக்கு நட்ட நினைவுக்கல், தேடிக் கிளம்பும் இளைஞர்கள் இப்போது அதிகம். சந்தோஷம்தான். ஆனால் நாங்கள் அந்தக் காலத்தில் அடித்த அதே கூத்தை இவர்களும் அச்சு பிசகாமல் அடிக்கிறார்கள். எழுத்தை ஆணியால் கீறாதே, ஆசிட் ஊற்றாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

கல்லைக் கிளப்பி ‘பாதுகாப்பது’

இதற்கு மட்டும் எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. ஊத்தங்கரைப் பக்கம் ஓர் ஊர். புளியமரத்தடியில் இடுப்பளவு புதைந்து ஒரு கல், வில்லேந்திய வீரன், பக்கவாட்டில் வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்து. வரிகள் மண்ணுக்குள் இறங்கிப் போயின. எழுத்தைத் தாளில் படியெடுக்க ஆட்களோடு வருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். திரும்பிப் போனால் மரத்தடி காலி. ஆர்வமுள்ள பையன்கள் வசூல் செய்து, ஜேசிபி வைத்துக் கல்லைக் கிளப்பி, கோயில் வாசலில் சிமென்ட் மேடை கட்டி நட்டுவிட்டார்கள். டைல்ஸ் வேறு. வீரனுக்கு சில்வர் பெயின்ட்.

என்ன போச்சு என்கிறீர்களா? இந்தப் பகுதியின் பல்லவர் கால நடுகற்களில் வாசகம் பெரும்பாலும் ஒரே போக்கில் போகும். அரசன் பெயர், ஆட்சியாண்டு, அப்புறம் தலைவன், ஊர், தொறு எனப்படும் மாட்டு மந்தைக்கு நடந்த சண்டை. செத்தவன் பெயரும் ‘பட்டான் கல்’ (செத்தவனின் கல்) என்பதும் கடைசியில்தான் வரும். அந்தக் கடைசி வரிகள்தான் கான்கிரீட்டுக்குள் போய்விட்டன. யாருக்காகக் கல் நட்டார்களோ, அவன் பெயர் இல்லை!

“வெளியே எடுத்தப்ப அடிப்பக்கம் போட்டோ எடுத்தீங்களா தம்பி?” என்றேன். “செல்பி இருக்கு சார்” என்றான். அவன் தோள் மறைத்த இடத்தில்தான் எழுத்து.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல் ஒன்று கிடைத்தது. எருமை மந்தைக்காக மாண்ட வீரனின் காலருகே அவனுடைய நாயும் நிற்கிறது. அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்த கதையும் வெட்டப்பட்டிருக்கிறது. அதை யாராவது இடுப்பு வரை சிமென்டில் நட்டிருந்தால் நாயும் இல்லை, கள்ளனும் இல்லை.

இடம் மாறினால் வேறு சேதமும் உண்டு. கல் எந்தத் திசை பார்த்து நின்றது, பக்கத்தில் கல்வட்டம் (பழங்காலப் புதைகுழியைச் சுற்றி வட்டமாக வைத்த கற்கள்) இருந்ததா, துணைக்கு வேறு கல் உண்டா என்பதை அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. சாலை விரிவாக்கம் மாதிரி தவிர்க்க முடியாத காரணமென்றால் முதலில் விஏஓவிடமும் தொல்லியல் துறையிடமும் சொல்லுங்கள். கிளப்புவதற்கு முன் நாலாபக்கமும் படம், திசை, புதைந்திருந்த ஆழம் எல்லாம் குறிப்பில் ஏறட்டும்.

வழிபாட்டை இடைஞ்சலாக நினைப்பது

இங்கே பல நடுகற்கள் வேடியப்பன் என்ற பெயரில் சாமி. எண்ணெய் ஊற்றாதீர்கள் என்று முதல் நாளே பாடம் எடுத்தால் மறுமுறை கல் பக்கம் அண்டவிட மாட்டார்கள். பூசாரியிடம் உட்கார்ந்து பேசுங்கள். எந்தப் பங்காளிகளுக்குப் பொங்கல் வைக்கும் உரிமை, கல் முன்பு எங்கே இருந்தது என்பதெல்லாம் அவர் வாயில்தான் இருக்கிறது.

உச்சி வெயிலில் போட்டோ

எழுத்தே விழாது. காலை, சாயங்காலச் சாய்வெயிலில் எடுங்கள். முடியாவிட்டால் இருட்டியபின் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள்.

வயது சொல்ல அவசரம்

எழுத்தே இல்லாத கல்லுக்கு ‘2000 ஆண்டுப் பழமை’ என்று நிருபரிடம் அடித்துவிடாதீர்கள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்களில் தமிழ் பிராமி என்கிற மிகப் பழைய எழுத்து இருந்தது, அதனால் அவ்வளவு பழசு என்று சொல்ல முடிந்தது. உங்கள் கல் விஜயநகரக் காலத்ததாக இருந்தால்தான் என்ன, அதிலென்ன கேவலம்?

லொக்கேஷன் பகிர்வது

வேண்டாம். நடுகல்லுக்கு அடியில் புதையல் என்று நம்பி ராத்திரியில் கடப்பாரையோடு வருகிறவர்கள் உண்டு. வெளியில் சொல்ல தாலுகாவின் பெயர் போதும்.