வீட்டில் ஓடிய நிரல் அலுவலகத்தில் லிங்க் ஆகவில்லையா?

செங்காங் வீட்டு மேக்கில் ஒழுங்காக பில்ட் ஆன சி நிரல், மறுநாள் அலுவலக உபுண்டு லினக்ஸில் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' (கேட்ட ஃபங்ஷன் கிடைக்கவில்லை) என்று அடம்பிடிக்கும். எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது. உடனே லைப்ரரியை, அதாவது தயார்நிலை ஃபங்ஷன்களின் தொகுப்பை, மறுபடி நிறுவ ஓடாதீர்கள். பில்ட் கட்டளையில் எது முன்னால், எது பின்னால் இருக்கிறது என்று பாருங்கள்.

கோப்புகளையும் லைப்ரரிகளையும் இணைத்து ஒரே நிரலாக்குவது லிங்கர். லினக்ஸில் உள்ள ஜிஎன்யூ லிங்கர் கட்டளையை இடமிருந்து வலமாகப் படிக்கும். ஸ்டாட்டிக் லைப்ரரி (நிரலுக்குள்ளேயே சேர்ந்துவிடும் வகை) வரும்போது, அதுவரை தேவைப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடும். லைப்ரரியை முன்னால் போட்டு, மூலநிரலைக் கம்பைல் செய்து கிடைத்த உங்கள் ஆப்ஜெக்ட் கோப்பைப் பின்னால் போட்டால், தேக்கா சந்தையைத் தாண்டிப் பேருந்து ஏறியபிறகு வீட்டிலிருந்து தேங்காய் கேட்ட கதைதான். உபுண்டுவில் ஷேர்ட் லைப்ரரிக்கும் (நிரல் ஓடும்போது ஏற்றப்படும் வகை) வழக்கமாக இதே கதி. ஆகவே கோப்புகள் முதலில், லைப்ரரிகள் கடைசியில். மேக்கின் லிங்கர் இந்த வரிசையைக் கண்டுகொள்ளாது, அதனால்தான் வீட்டில் தவறு தெரியவில்லை.

கணித ஃபங்ஷன்களும் அப்படியே. மேக்கில் அவை சிஸ்டம் லைப்ரரிக்குள்ளேயே இருக்கின்றன. லினக்ஸில் 'மைனஸ் எல்எம்' (-lm) என்று கட்டளையில் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும்.

'கேனாட் ஃபைண்ட்' என்று வந்தால் அது வேறு சமாச்சாரம். லைப்ரரியே கிடைக்கவில்லை என்று பொருள். உபுண்டுவில் பெரும்பாலும் 'டெவ்' என்று முடியும் பேக்கேஜை நிறுவினால் சரியாகிவிடும்.

அப்புறம், வீட்டில் உருவான ஆப்ஜெக்ட் கோப்புகளைப் பென்டிரைவில் கொண்டுபோகாதீர்கள். மூலநிரல் மட்டும் போதும், அங்கே புதிதாக பில்ட் செய்யுங்கள்.