ஆற்று மீன் ஆராய்ச்சியில் சறுக்கும் இடங்கள்

நன்னீர் மீன் ஆராய்ச்சிக்கு வரும் மாணவர்கள் புள்ளியியலுக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். கணக்கில் வரும் பிழையைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். எந்த மீனை எண்ணுகிறோம் என்று தெரியாமல் சேர்த்த தரவை ஒன்றும் செய்ய முடியாது.

காவிரியின் திமில் மகசீரை எடுத்துக்கொள்ளுங்கள். மகசீர் என்பது கெண்டைக் குடும்பத்துப் பெரிய ஆற்று மீன். 1946இல் காவிரியின் துணையாறான கபினியில் தூண்டிலில் மாட்டிய ஒரு மகசீர் 54 கிலோ இருந்தது. அப்படிப்பட்ட ஆற்றில் மகசீர் குறைகிறதே என்று 1970களிலிருந்து மகாராஷ்டிரத்தின் லோனாவாலா பொரிப்பகத்துக் குஞ்சுகளை விட்டார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் விட்டது நீலத்துடுப்பு மகசீர். காவிரிக்கு அது வந்தேறி. பிற்பாடு தூண்டில் முகாம்களின் பதிவேடுகளை ஆய்வாளர்கள் புரட்டினார்கள். மொத்தமாகப் பார்த்தால் மகசீர் பெருகியிருந்தது, திட்டம் வெற்றி என்று சொல்லிவிடலாம். இரண்டு வகையையும் பிரித்துப் பார்த்தபோதுதான் திமில் மகசீர் அருகிப்போனது தெரிந்தது. 2015இல் அது கட்டுரையாக வந்தது.

இதில் இன்னொரு கூத்து, இவ்வளவு பேர்போன மீனுக்கு அதுவரை உறுதியான அறிவியல் பெயர் இல்லை. பெயர் இல்லாத மீனை, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் உலகச் சிவப்புப் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது? 2018இல்தான் காவிரிப் படுகையைச் சேர்ந்த மோயாற்று மீன்களை வைத்து, கேரளத்தின் பாம்பாற்றிலிருந்து முன்பே விவரிக்கப்பட்ட டோர் ரெமாதேவியேதான் இது என்று நிறுவினார்கள். அந்த ஆண்டே மிக அருகிய இனமாகப் பட்டியலில் ஏறியது.

அதனால் களக்குறிப்பில் 'கெண்டை, 14' என்று எழுதி மூடிவிடாதீர்கள். இனம் உறுதியாகத் தெரியாவிட்டால் அதையே எழுதுங்கள், மாதிரி எடுத்து வையுங்கள். மாதிரி எடுப்பதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் நிறம் மங்குவதற்குள் படம். அப்புறம் துடுப்பின் ஓரத்தில் சிறு துண்டு வெட்டி எத்தனாலில். கடைசியாகத்தான் முழு மீன் ஃபார்மலினில். அவசரத்தில் எல்லாவற்றையும் நேரே ஃபார்மலினில் போட்டால் டி.என்.ஏ. சிதைந்துவிடும், நிறமும் வெளுத்துவிடும். குப்பிக்குள் போடும் சீட்டைப் பென்சிலில் எழுதுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்து, எந்த ஆற்று மீன் என்றே தெரியாமல் போகும்.

அடுத்தது வலை. ஒரே கண் அளவுள்ள செவுள் வலையை (மீனின் செவுள் கண்ணியில் சிக்கும் வலை) போட்டுவிட்டு "இந்த ஓடையில் சிறுமீன் இல்லை" என்று எழுதுவது அபத்தம். அயிரை அதில் எப்படி நிற்கும்? பல கண் அளவுகள் வேண்டும், வீச்சு வலையும் வேண்டும். எவ்வளவு நேரம், எத்தனை வீச்சு என்ற குறிப்பு அதைவிட முக்கியம். கோடையில் மட்டும் போய்விட்டு வருவதும் இதே ரகம். புதுவெள்ளத்தில் எதிரேறிப் போகும் மீன்களைத் தவறவிட்டால், அந்த மீன்கள் எங்கே முட்டையிடுகின்றன என்பதும் கைநழுவிவிடும்.

இன்றைய ஆற்றையே இயல்பான ஆறு என்று எடுத்துக்கொள்வது நான் அதிகம் பார்க்கும் தவறு. ஒருகாலத்தில் கடலிலிருந்து உல்லம் மீன் காவிரியில் ஏறி வந்தது. 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு அந்த மீன்பிடிப்பு நொடித்துப்போனது. இன்று அங்கே வலை போடுபவருக்கு உல்லம் கிடைக்காதது குறையாகவே தெரியாது. பழைய மீன்வளத் துறை அறிக்கைகளைத் தேடிப் படிக்காமல் களத்துக்குப் போகாதீர்கள்.

மேலாண்மை ஆலோசனை கேட்டால் உடனே "குஞ்சு விடுங்கள்" என்று சொல்வது எல்லோருக்கும் சுலபம். மொசாம்பிக் திலாப்பியாவும், அதாவது நம் ஜிலேபிக் கெண்டையும், 1952இல் நல்ல நோக்கத்தோடுதான் இந்தியாவுக்கு வந்தது; பிறகு அதுவே உள்ளூர் மீன்களுக்கு வினையானது. மீன் ஏன் குறைந்தது என்று முதலில் பாருங்கள்: மணல் அள்ளியதா, அணையா, வெடி போட்டுப் பிடிப்பதா? காரணம் அப்படியே இருக்கும்போது விட்ட குஞ்சும் அதே வழியில்தான் போகும்.

காப்புக்காட்டுக்குள் ஓடும் ஆறு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் வலையை நனைக்காதீர்கள். அது கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். அந்தக் காத்திருப்பில் உள்ளூர் மீனவர்களோடு உட்கார்ந்து, எந்த மீனை எந்தப் பெயரில் சொல்கிறார்கள், எந்த மாதம் எங்கே பிடிக்கிறார்கள் என்று எழுதி வையுங்கள். அவர்கள் நேரத்துக்குக் கூலியும் கொடுங்கள்.