காய்ச்சல் ரிப்போர்ட்டை எப்படிப் பார்ப்பது?

கோத்தகிரியில் லேப் நடத்துகிறேன். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லாரும் தேடுவது தடித்த எழுத்தில் இருக்கும் எண்ணைத்தான். அதற்கு முன்னால் காய்ச்சல் என்றைக்குத் தொடங்கியது, ரத்தம் எப்போது கொடுத்தீர்கள் என்று மேலே பேனாவால் எழுதிவையுங்கள்.

சிஆர்பி பார்க்க இது முக்கியம். கிருமியைக் கண்ட வெள்ளை அணுக்கள் தூண்டிவிட, கல்லீரல் சுரக்கும் புரதம் அது. ஏறவே 6 முதல் 8 மணி நேரம் ஆகும், உச்சிக்குப் போக 2 நாள். காலையில் குளிர் கண்டு மதியமே ரத்தம் கொடுத்தவருக்கு 'நார்மல்' என்று வந்தால் நம்பி உட்காராதீர்கள். மருந்து பிடித்துவிட்டால் ஒரு நாளிலேயே பாதியாகலாம். அதனால் இரண்டாவது டெஸ்டில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். அப்புறம் அலகு: ஒரு லேபில் லிட்டருக்கு 60 மில்லிகிராம் என்பது இன்னொரு லேபில் டெசிலிட்டருக்கு 6. இரண்டும் ஒன்றுதான். இதைக் கவனிக்காமல் பயந்துபோய் வருகிறவர்கள் நிறைய.

புரோகால்சிடோனின் என்று இன்னொரு ரத்த டெஸ்ட் உண்டு. அது இன்னும் வேகமாக ஏறும், பாக்டீரியாவையும் வைரஸையும் பிரிக்கச் சிஆர்பியைவிடக் கொஞ்சம் உதவும். விலை அதிகம், டாக்டர் கேட்டால் மட்டும் போதும். இஎஸ்ஆர், அதாவது ரத்தச் சிவப்பணு கீழே படியும் வேகம், மெதுவாக நகரும். ரத்தசோகை, கர்ப்பம் இருந்தாலே கூடும்.

வெள்ளை அணுக் கவுண்ட் 11,000 தாண்டி, அதில் ஒரு வகையான நியூட்ரோஃபில் சதவீதமும் கூடினால் பாக்டீரியாவைச் சந்தேகிக்கலாம். ஆனால் உடம்புவலிக்கு விழுங்கிய மாத்திரையில் ஸ்டீராய்டு இருந்தாலும் கவுண்ட் ஏறும். என்ன சாப்பிட்டீர்கள் என்பதை மறைக்காதீர்கள்.

நம் மலையில் இன்னொரு சங்கதி உண்டு. ஸ்க்ரப் டைஃபஸ் என்ற காய்ச்சலும் பாக்டீரியாவால் வருவதுதான். புதரில் இருக்கும் கண்ணுக்கே தெரியாத பூச்சி கடித்து வருவது. இதில் கவுண்ட் நார்மலாகவே இருக்கலாம், பிளேட்லெட் குறையும், கல்லீரல் என்சைம் கூடும், சிஆர்பியும் ஏறியிருக்கும். பிளேட்லெட்டை மட்டும் பார்த்து டெங்கு என்று முடிவுகட்டிவிடுவார்கள். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர் என்றால் டாக்டரிடம் அதை முதலிலேயே சொல்லுங்கள். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, மார்புக்கு அடியில் சிகரெட் சுட்டதுபோல் கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். வலிக்காது, அதனால் தெரியாது. பெண்கள் கூச்சப்பட்டுச் சொல்வதில்லை. இருந்தால் கட்டாயம் காட்டுங்கள். அதற்கென்று உள்ள ஆன்டிபயாடிக்கை டாக்டர் அன்றைக்கே தொடங்கிவிடுவார்.