அனுப்பினோம், பிள்ளை வாசித்ததா? ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

கொழும்பு வெள்ளவத்தையில் ஆறாந் தரப் பிள்ளைகளுக்கு ஒரு வாசிப்புப் பயிற்சியைத் தட்டச்சு செய்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். அடுத்த நாள் ஒரு மாணவி அம்மாவின் போனைக் கொண்டுவந்து நீட்டினாள். "ரீச்சர், இது என்ன பாஷை?"

திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். 'தமிழ்' என்று நான் அடித்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி நின்றது. நான் பயன்படுத்தியது பாமினி எழுத்துரு. ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் உருவம் போர்த்துவது அதன் முறை. அந்த எழுத்துரு இல்லாத போனில் போர்வை விலகிவிடும். பிடிஎஃப் ஆக்கினால் கண்ணுக்குத் தமிழ் தெரியும், உண்மைதான். ஆனால் அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது. பார்வை குறைந்த பிள்ளைக்கு வாசித்துக் காட்டும் செயலியாலும் அதை வாசிக்க முடியாது. பாமினி விசைகளிலேயே அடித்து, தனி எழுத்துரு தேவைப்படாத பொதுக் குறியீடான யூனிகோட்டில் எழுத வழி இருக்கிறது. கை பழகியதை மாற்ற வேண்டியதில்லை. அனுப்புமுன் வீட்டிலுள்ள மிகப் பழைய போனில் ஒருமுறை திறந்து பாருங்கள்.

அன்றிலிருந்து எந்தச் செயலி, எந்த இணையத்தளம் என்று தேடுவதற்கு முன்னால் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன்: பிள்ளை இதை எதில், எந்தத் தமிழில் வாசிக்கப்போகிறது?

எந்தத் தமிழ் என்பது இங்கே பெரிய விஷயம். யூடியூபில் அருமையான விஞ்ஞானக் காணொளிகள் தமிழ்நாட்டிலிருந்து வருகின்றன. அங்கே ஒளிச்சேர்க்கை என்பதை எங்கள் இலங்கைப் பாடநூல் ஒளித்தொகுப்பு என்கிறது. ஆக்சிஜன் ஒட்சிசனாகவும், எலக்ட்ரான் இலத்திரனாகவும், வேதியியல் இரசாயனவியலாகவும் இருக்கிறது. விளங்கிக்கொண்ட பிள்ளைகூடப் பரீட்சைத் தாளில் வேறு சொல்லைக் கண்டு திகைக்கும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்டாலும் பெரும்பாலும் தமிழ்நாட்டுச் சொற்களே வருகின்றன. காணொளியை ஒதுக்கச் சொல்லவில்லை. போடுவதற்கு முன் நாமே ஒருமுறை பார்த்து, இரு பக்கச் சொற்களையும் பலகையில் எதிரெதிரே எழுதிவிட வேண்டும். எனக்கு அதற்குப் பத்து நிமிடம் போகும். கதைப் புத்தகம் என்றால் இந்தக் கவலையே வேண்டாம். கதிரையை நாற்காலி என்று வாசித்தால் பிள்ளைக்கு ஒரு சொல் கூடுதலாகக் கிடைக்கிறது. பெங்களூரின் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவரில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே உள்ளன.

அடுத்தது, எல்லாவற்றையும் திரைக்கு மாற்றுவது. 2018இல் டெல்காடோவும் சக ஆய்வாளர்களும் 54 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் பங்குபற்றியோர் 1,71,055 பேர். அதே பகுதியைத் தாளில் வாசித்தவர்களுக்கே விளக்கம் சற்றுக் கூடுதலாக இருந்தது. நேரக் கட்டுப்பாடு இருந்தபோது அந்த வித்தியாசம் கூடியது. தகவல் சொல்லும் பகுதிகளில் அது தெரிந்தது, கதைகளை மட்டும் வாசித்தபோது தெரியவில்லை. ஆகவே 'திரையே கூடாது' என்பதும் தவறுதான். நான் செய்வது இது: வரலாறு, விஞ்ஞானக் குறிப்புகள், நேரம் வைத்துச் செய்யும் கடந்தகால வினாத்தாள்கள் தாளில். கதை போனில். போட்டோகொப்பிக்குக் காசு குறைவென்றால் எதை அச்சடிப்பது என்று தீர்மானிக்க இது உதவும்.

புதிய செயலி ஒன்றை அன்றைய வினாடி வினாவில் பிள்ளைகள் எடுத்த புள்ளியை வைத்து எடைபோடுவதையும் நிறையப் பேர் செய்கிறோம். 2006இல் உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் மாணவர்களுக்கு ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். சிலர் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள், சிலர் மூடிவைத்து நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். அதனால் வினாடி வினாவை அடுத்த வாரமும் ஒருமுறை வையுங்கள். கொப்பியை மூடி "என்ன வாசித்தீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று கேட்க இணையமே தேவையில்லை.

ஆங்கில வாசிப்பு பற்றிய ஆய்வை அப்படியே தமிழுக்குப் பொருத்தும்போது நிதானம் வேண்டும். அவர்களுக்கு 26 எழுத்து, நமக்கு 247. கன்னடத்தில் சோனாலி நாக் செய்த ஆய்வுகள், தமிழைப் போல எழுத்துகள் நிறைய உள்ள எழுத்துமுறையில் எழுத்துகளைக் கற்றுமுடிக்க நான்காம் வகுப்பு வரைகூட ஆகலாம் என்று காட்டுகின்றன. இரண்டாந் தரப் பிள்ளை 'ணௌ'வில் தடுமாறினால் உடனே 'வாசிப்புக் குறைபாடு' என்று சொல்லிவிடாதீர்கள். பெற்றோர் அந்தச் சொல்லை லேசில் மறக்க மாட்டார்கள்.

பார்த்துப் படிப்பவர், கேட்டுப் படிப்பவர் என்று பிள்ளைகளைப் பிரிக்கும் இணையச் சோதனைகளை விட்டுவிடலாம். அப்படிப் பிரித்துக் கற்பிப்பதால் பயன் உண்டென்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008இலேயே உளவியலாளர் பாஷ்லர் குழுவினர் எழுதிவிட்டார்கள்.

வளங்களைத் தேடும்போது முதலில் கூகிளுக்குப் போகிறோம், பக்கத்தில் இருப்பதை மறந்துவிடுகிறோம். பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் இலவசமாக எடுக்கலாம். ஆசிரியர் கைந்நூல்கள் மகரகம தேசிய கல்வி நிறுவகத்திடம் உண்டு. கல்வி அமைச்சின் இணையவழிக் கற்றல் தளமான ஈ-தக்சலாவையில் தமிழ்ப் பகுதி இருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்துப் பழைய சஞ்சிகைகளும் பாடசாலை மலர்களும் கிடைக்கின்றன. ஒன்பதாந் தரத்துக்கு அங்கிருந்து ஒரு பழைய பாடசாலை மலரின் ஒரே ஒரு பக்கத்தை எடுத்துக் கொடுத்துப் பாருங்கள். இணைப்பு முழுவதையும் அனுப்பினால் யாரும் திறக்க மாட்டார்கள். வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்குக் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் நடந்து போகும் தூரம்தான்.

இன்னொன்று, நேரம். என் வகுப்பில் பல பிள்ளைகளுக்குச் சொந்தப் போன் இல்லை. ஒரு மாணவனின் அப்பா புறக்கோட்டையில் கடை பூட்டி வீடு வர இரவு ஒன்பது ஆகும், போனும் அவரோடுதான் வரும். நான் அனுப்பியதை அவன் திறக்கும்போது கண் சொருகிவிடும். இப்போது அவனுக்கும் இன்னும் சிலருக்கும் இரண்டு பக்கத்தை மத்தியானமே அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுகிறேன்.