கையுறையின் ஓட்டை காட்டிய பிழை

ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கோல்ஃப் ஆடத் தொடங்கியபோது, 7ஆம் எண் அயர்ன் மட்டையால் அடித்த ஒரு பந்து நேராகச் சென்றால், அடுத்த அடியில் மட்டை பந்துக்குப் பின்னாலிருந்த மண்ணைக் கொத்தியது. அதற்கடுத்த அடி பந்தின் தலையைச் சீவிக்கொண்டு போனது. பந்து வைக்கும் இடத்தை மாற்றினேன், பின்வீச்சைக் குறைத்தேன், கால்களின் இடைவெளியைக் கூட்டினேன். மூன்று வார இறுதிகள் வீணாயின.

விடை இடக்கைக் கையுறையில் இருந்தது. உள்ளங்கையின் அடிப்பகுதியில், சுண்டுவிரல் பக்கமாக மட்டும் தோல் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. மட்டை விரல்களில் அமராமல் உள்ளங்கையில் கிடந்து, வீச்சின் உச்சியில் நழுவும்போது தேய்கிற இடம் அது. போதாக்குறைக்கு, பரணில் கிடந்த மட்டைகளின் ரப்பர் பிடி இறுகி வழுவழுப்பாகியிருந்ததால், நழுவாமலிருக்க நான் மேலும் இறுக்கிப் பிடிக்க, மணிக்கட்டு விறைத்து, மட்டை தரையைத் தொடும் இடம் ஒவ்வொரு முறையும் மாறியிருக்கிறது.

ரப்பர் பிடிகளைப் புதிதாக மாற்றினேன் (சோப்பு நீரில் தேய்த்துக் கழுவியது இரண்டு நாள்தான் தாங்கியது). சுண்டுவிரலின் அடியிலிருந்து ஆட்காட்டி விரலின் நடுக்கணு வரை குறுக்காக மட்டையை வைத்துப் பிடித்தேன். பந்து இருக்க வேண்டிய இடத்தில் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பந்தில்லாமல் வீசிப் பார்த்ததில், 20இல் 16 முறை புல் கோட்டைத் தாண்டி இலக்கின் பக்கமாகவே பெயர்ந்தது, பெரிய நிம்மதி. ஒரு மாதமாக அணியும் புதிய கையுறையில் அந்த இடம் இன்னும் தேயவில்லை.