மேகசின் வாங்கும்போது விலைச்சீட்டை மட்டும் பார்க்காதீர்கள்

துப்பாக்கி நடுவில் சிக்கினால் பலரும் முதலில் துப்பாக்கியைத்தான் சந்தேகப்படுகிறார்கள். ஆனால் செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகளில், அதாவது ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகளில், கோளாறு பெரும்பாலும் மேகசினில்தான் இருக்கும். தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கிக்குள் செருகும் டப்பாதான் மேகசின். ஒரு ஸ்பிரிங், தோட்டாவை மேலே தள்ளும் ஃபாலோயர், தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் இரண்டு வாய் விளிம்புகள், அடித்தட்டு, இவற்றைச் சுற்றி ஒரு கூடு. பார்க்க எளிமையான டப்பாதான். ஆனால் விளிம்பு கொஞ்சம் விரிந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ தோட்டா சரியான கோணத்தில் மேலே வராது. "எல்லாம் ஒரே டப்பாதானே" என்று பாதி விலைக்கு வாங்குபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

அதற்காக, துப்பாக்கிக் கம்பெனியின் முத்திரை இருந்தால் நல்லது, வெளிக் கம்பெனி என்றால் மட்டம் என்று முடிவு கட்டுவதும் தவறுதான். இத்தாலியின் மெக்-கார் பல துப்பாக்கிக் கம்பெனிகளுக்கு மேகசின் செய்து கொடுக்கிறது, தன் பெயரிலும் விற்கிறது. அந்த மாதிரி இடத்தில் முத்திரைக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஏஆர்-15 வகைத் துப்பாக்கிகளுக்கு மேக்புல் செய்யும் பிமேக் மேகசினை அமெரிக்க மரைன் படையே 2016இல் ஏற்றுக்கொண்டது. அதுவும் வெளித் தயாரிப்புதான்.

க்ளாக் கைத்துப்பாக்கிக்கு வந்தால் கதை மாறுகிறது. அதன் சொந்த மேகசினில் பிளாஸ்டிக் கூட்டுக்குள் எஃகு உறை இருக்கிறது. வெளித் தயாரிப்புகளில் சில முழுக்க பிளாஸ்டிக். விலை வித்தியாசம் பெரிதாக இல்லாதபோது அந்த எஃகை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? ஆக, "எது நல்லது" என்று பொதுவாகக் கேட்காமல், "இந்தத் துப்பாக்கிக்கு எது நல்லது" என்று கேளுங்கள்.

இராக் போரின் தொடக்கத்தில் அமெரிக்க வீரர்கள் தங்கள் எம்9 கைத்துப்பாக்கி சிக்குகிறது என்று புகார் சொன்னார்கள். ராணுவம் ஒப்பந்தத்தில் வேறிடத்தில் வாங்கிய மேகசின்களின் சொரசொரப்பான பாஸ்பேட் பூச்சில் நுண்மணல் ஒட்டிக்கொண்டதுதான் முக்கியக் காரணம். அந்தப் பூச்சைக் கேட்டதும் ராணுவமேதான். பழி மட்டும் துப்பாக்கி மேல் விழுந்தது.

இன்னொரு தவறு, கூடுதல் தோட்டா பிடிக்கிறது என்பதற்காகவே வாங்குவது. 1911 கைத்துப்பாக்கியின் மேகசின் ஆதியில் 7 தோட்டாவுக்கு வடிவமைக்கப்பட்டது. அதே நீளக் கூட்டில் 8 தோட்டா அடைக்க வேண்டுமென்றால் ஸ்பிரிங்குக்கும் ஃபாலோயருக்கும் உள்ள இடம்தான் குறையும். நன்றாகச் செய்பவர்கள் இதைச் சமாளித்திருக்கிறார்கள். மலிவாகச் செய்பவர்களிடம் கடைசித் தோட்டா தகராறு செய்யும். எத்தனை தோட்டா வரை உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதிக்கிறது என்பதையும் முன்பே பார்த்துவிடுங்கள்.

தலைமுறை வித்தியாசத்தையும் பலர் கவனிப்பதில்லை. நான்காம் தலைமுறை க்ளாக்கில் மேகசினை விடுவிக்கும் பட்டனை இடது கைக்காரர்கள் மறுபக்கம் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பழைய மேகசின்களில் அந்தப் பட்டன் பிடித்துக்கொள்ளும் வெட்டு ஒரு பக்கம்தான் இருக்கும். பட்டனை மாற்றிவிட்டால் அவை பூட்டிக்கொள்ளாது.

சரி, விலைக்கு வருவோம். மேகசினின் உண்மையான விலையில் அதைச் சோதிக்கச் செலவாகும் தோட்டாவும் சேர வேண்டும். மலிவான மேகசினில் மிச்சம் பிடித்த பணம் இரண்டு மூன்று முறை நிரப்பிச் சுடுவதற்குள் கரைந்துவிடும். அதனால் பத்தை ஒரே மூச்சில் வாங்காதீர்கள். ஒன்று வாங்கி, குறைந்தது ஐந்தாறு முறை முழுதாக நிரப்பிச் சுட்டுப் பாருங்கள். நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் தோட்டாவையே போடுங்கள். உருண்டை முனைத் தோட்டாவைச் சிக்காமல் ஏற்றுவது குழி முனைத் தோட்டாவில் தடுமாறலாம். நிரம்பிய மேகசின், ஸ்லைடு (கைத்துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) மூடியிருக்கும்போது பூட்டிக்கொள்கிறதா, கடைசித் தோட்டாவுக்குப் பிறகு ஸ்லைடு பின்னால் நிற்கிறதா, பட்டனை அழுத்தினால் மேகசின் தானாக விழுகிறதா என்று கவனியுங்கள்.

ஒவ்வொரு மேகசினிலும் பெயின்டால் ஒரு எண் போடுங்கள். இதைத்தான் நான் எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்வேன். எண் இல்லாவிட்டால் ஐந்தில் எது சிக்கியது என்று வீடு போய்ச் சேர்வதற்குள் மறந்துபோகும். அதே எண்ணிலேயே திரும்பத் திரும்பச் சிக்கினால் மேகசின்தான் கோளாறு. எல்லா எண்ணிலும் சிக்கினால் துப்பாக்கியையோ தோட்டாவையோ பார்க்க வேண்டும்.

பல வருடம் உழைத்த ஒரிஜினலையும் புத்தம்புது வெளி மேகசினையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதும் நியாயமில்லை. ஸ்பிரிங் நிரப்பி வைத்திருப்பதால் தேய்வதைவிட, திரும்பத் திரும்ப நிரப்பிக் காலி செய்வதால்தான் அதிகம் தளர்கிறது. பழையதைக் கழிக்கும் முன் புது ஸ்பிரிங் போட்டுப் பாருங்கள், அதன் செலவு கொஞ்சம்தான். ஆனால் கீழே விழுந்து வாய் விளிம்பு வளைந்ததை இடுக்கியால் நிமிர்த்திப் பயன்படுத்த வேண்டாம். அதன் மேல் பெரிதாக ஒரு குறுக்குக்கோடு போட்டு, தோட்டா இல்லாமல் மேகசின் மாற்றிப் பழகுவதற்கு மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.